பீரங்கியில் ஏறக் கூடாது

மெக்சிகோவின் வெராக்ரூஸில் வடக்குக் காற்று கிளம்பிவிட்டால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். கிரேன் ஓடாது, எங்களுக்குக் கூலியும் கிடையாது. சரக்கு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் எதுவிகெஸ் அம்மா கடைக்குப் போய்விடுவோம். குளிர்பானப் பெட்டிக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் நடுவே அவள் ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்திருந்தாள். இரண்டு பேர் மோதும் சண்டை விளையாட்டு. ஆட நினைக்கிறவர் திரைக்குக் கீழே ஒரு பெசோ காசை வைக்க வேண்டும். அந்தக் காசுதான் அவருடைய வரிசை. ஜெயித்தவர் பெட்டியை விட்டு நகர மாட்டார். எதிர்த்து வருபவர் எந்த இடத்தில் சண்டை என்று தேர்ந்தெடுப்பார்.

அந்த இடங்களில் ஒன்று கப்பல் தளம். அதன் ஓரத்தில் ஒரு பீரங்கி இருக்கும். நம் ஆள் அதற்குள் குதித்து, நாம் பொத்தானை அழுத்தினால், குண்டு மாதிரிப் பறப்பான். எதிராளி மேல் மோதினால் எதிராளி கடலில் விழுவான், ஆட்டம் முடிந்தது. அடி, தடுப்பு எதுவும் வேண்டாம். பெட்டி தானாக ஓட்டிக் காட்டும் மாதிரி ஆட்டத்தில் இதைப் பார்த்துவிட்டு, இது கோழை வேலை என்று வந்த வாரமே கடையில் பேசி முடித்துவிட்டோம். பீரங்கியில் ஏறக் கூடாது. ஏறினவன் தோற்ற கணக்கு. வருஷக்கணக்காக ஒருவரும் ஏறவில்லை.

ஃபிதென்சியோ எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்கார ஆட்டக்காரனாக இருந்தவன். ஆகஸ்டில் சரக்கைக் கட்டும் இரும்புக் கயிறு இறுகி, வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோய்விட்டது. பெட்டியில் ஆறு பொத்தான்கள். கட்டுப் பிரித்து வந்த பிறகு கட்டைவிரலால் ஒன்றைத்தான் ஒழுங்காக அழுத்த முடிந்தது. வந்தான், காசு வைத்தான், தோற்றான். எதிரே நிற்கிறவர்கள் கொஞ்சம் கையை அடக்கி ஆடினார்கள். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

நவம்பரில் ஒரு நாள் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பெட்டி முன்னால் நெரெய்தா நின்றாள், மீன் சந்தையில் மீன் அரிகிறவள். ஃபிதென்சியோவின் முறை வந்தது.

“கப்பல் தளம்,” என்றான். “நான் பீரங்கியில ஏறப்போறேன். எனக்கு மட்டும் விட்டுக்குடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, இனிமே இந்தப் பக்கமே வரல.”

சோன் என்பவனுக்கு வாய் சும்மா இருக்காது. “கைக்கு லீவு சரி. மானத்துக்குமா லீவு, அண்ணே?”

“உனக்குத்தான் பத்து விரல் இருக்கே, என்ன கிழிச்ச? காசு வச்ச சூடு ஆறுறதுக்குள்ள தோத்துட்டு ஓடுற.”

எல்லோரும் சிரித்தோம். பாவம், விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நெரெய்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உனக்கு மட்டும்னா அது பிச்சை. நான் மீன் அரியுறவ, பிச்சை போடுறவ இல்ல. எல்லாருக்கும்னா ஏறு. நானும் ஏறுவேன்.”

ஃபிதென்சியோவின் முகம் சுருங்கியது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

“பெட்டி என்னுது,” என்றாள் எதுவிகெஸ் அம்மா. “எவன் எதுல ஏறினா எனக்கென்ன? கதவைச் சாத்துங்கடா, மணல் வருது.”

“சரி, எல்லாருக்கும்,” என்றான் ஃபிதென்சியோ.

ஆட்டம் தொடங்கியது. ஓடிப்போய்ப் பீரங்கிக்குள் குதித்தான். குதித்த வேகத்தில் அழுத்தினான். அவன் ஆள் நெரெய்தாவின் தலைக்கு மேலே பறந்து, கப்பலைத் தாண்டி, அந்தப் பக்கக் கடலில் விழுந்தான். நெரெய்தா ஒரு பொத்தானும் தொடாமல் ஜெயித்திருந்தாள்.

பீரங்கியின் வாய் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நேராக வரும் நொடியில் அழுத்த வேண்டும். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் பயந்து தடை போட்டிருந்த சாமானை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

சோன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஃபிதென்சியோ மறுபடி வரிசையில் நின்றான்.

மற்றவர்களுக்கு ஆறு பொத்தான்கள் இருந்தன, அவனுக்கு இருந்தது ஒன்று. அதனால் அவன்தான் முதலில் கற்றுக்கொண்டான். கிறிஸ்துமஸ் சமயத்தில் காலை முழுக்கப் பெட்டியை விடாமல் நின்றான். பிறகு நெரெய்தா, பீரங்கி வாய் நேராகும்போது எகிறிக் குதித்துத் தப்பக் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். எங்களுக்குப் பீரங்கியும் இருந்தது, விரல்களும் இருந்தன. கார்னிவல் திருவிழா வருவதற்குள் அவன் ஜெயிப்பதைவிடத் தோற்பதே அதிகமாகிவிட்டது.

அப்படி ஒரு நாள் சோன் அவனோடு ஆடினான். ஃபிதென்சியோவின் ஆள் பீரங்கிக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டு நின்றான். சோன் பீரங்கி வரைக்கும் போனான். ஏறவில்லை. திரும்பி வந்து சும்மா குத்த ஆரம்பித்தான்.

ஃபிதென்சியோ கையை எடுத்துவிட்டான்.

“ஏன் ஏறல?”

“சும்மாதான், அண்ணே.”

“ஏறுடா நாயே.”

சோன் எங்களைப் பார்த்தான். நெரெய்தா, “ஏறு, எங்களுக்கும் நேரமாகுது,” என்றாள்.

சோன் ஏறினான். ஃபிதென்சியோ கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, கண்ணை எடுக்காமல் பீரங்கி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆள் எகிறிக் குதித்தான், ஒரு மூச்சு பிந்தி. அடி சரியாக நெஞ்சில் விழுந்தது. அவன் ஆள் கடலில் போனான்.

“இப்படி ஆடு,” என்று சோனிடம் சொல்லிவிட்டு, நகர்ந்து அடுத்தவனுக்கு இடம் விட்டான்.