கடலில் நனைத்த கித்தான்

பிளாரன்ஸுக்குத் தையல் தெரியாது. தெரியும் என்று ஊரில் சொன்னதுதான் வினை.

அவள் புருஷன் இனிகோ கொழும்பிலிருந்து தோணியில் கொண்டுவந்த, கையால் சுற்றுகிற தையல்மெசின் மாதக்கணக்கில் துணி மூடிக் கிடந்தது. அதன்மேல் அவன் அண்ணி அல்போன்சாவுக்கு ஒரு கண். மகள் பேபிக்குத் தை மாதம் கல்யாணம். "சும்மா கெடக்குத மெசினைப் புள்ளைக்குக் குடுத்தா என்ன?" என்று கொழுந்தனிடமே கேட்டுவிட்டாள். அண்ணி பேச்சைத் தட்டத் தெரியாத இனிகோ, தோணி ஏறும்போது பெண்டாட்டியிடம் சொன்னான்:

"நான் திரும்பி வாரதுக்குள்ள வெளியாளு ஒருத்தருக்காவது உருப்படியா தச்சிக் குடு, மெசின் ஒனக்கு. இல்லேன்னா பேபி கொண்டுபோவட்டும்."

பிளாரன்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று வந்த ஒரே பொருள் அதுதான்.

அந்த ஆத்திரத்தோடு காசிலிங்கம் அண்ணாச்சி கடைக்கு ஊசி வாங்கப் போனாள். அங்கே வேதமணி அம்மாள் நின்றிருந்தார். சாயர்புரத்துக்காரர், புதுத் துறைமுகத்து எஞ்சினீயரின் மனைவி. தோட்டத்துப் பிரம்பு நாற்காலி மெத்தைகளுக்குப் புது உறை தைக்க ஆள் இல்லையென்று அண்ணாச்சியிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். கேட்ட டெய்லரெல்லாம் சட்டைதான் தைப்போம் என்கிறார்களாம்.

"நான் தச்சித் தாரேன்" என்றாள் பிளாரன்ஸ். வாய் முந்திக்கொண்டது.

பச்சைக் கித்தான் துணியும் மெத்தைகளும் வீடு வந்து சேர்ந்தன. கித்தான் நனைந்தால் சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியும். தோணிப்பாய் தைக்கிற வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா புதுக் கித்தானைக் கடலில் முக்கி, மணலில் காயப்போட்டுவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவார். அவளும் அப்படியே செய்தாள். வேடிக்கை பார்க்க வந்த அல்போன்சாகூட ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள்.

"இதாவது தெரிஞ்சிருக்கே ஒனக்கு."

பழைய உறை ஒன்றைத் தையல் பிரித்து, அதை மாதிரியாக விரித்து வெட்டினாள். முதல் உறையில் தையலுக்குத் துணி விட மறந்துபோனாள். பிள்ளை பெற்றவள் கல்யாண ரவிக்கைக்குள் கை நுழைத்த கதையாக மெத்தை பாதியில் நின்றது. பின்பக்கம் ஒரு பட்டை ஒட்டுப்போட்டுச் சமாளித்தாள். மடிப்புகள் சேரும் மூலையில் ஊசி ஒடிந்தது. அதன்பிறகு மூலை வந்தால் கைப்பிடியை மெல்லச் சுற்றினாள். கடைசி உறைக்கு வரும்போது தையல் ஓரளவு நேராகவே ஓடியது.

வேதமணி அம்மாள் தடவிப் பார்த்து, "கச்சிதமா இருக்கே" என்றார். பிளாரன்ஸ் அன்று தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மாள் வீட்டுத் தோட்டக்காரர் முப்பிடாதி வந்து நின்றார். "அம்மா கையோட கூட்டியாரச் சொன்னாக."

"மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அம்மாள், பங்களாத் தோட்டத்தில். "பகல்ல காஞ்சுதான் கெடக்கு. நேத்து சாயங்காலம் விருந்துக்கு வந்தவங்க எந்திரிச்சா அத்தனை பேருக்கும் பின்பக்கம் ஈரம். எங்க வீட்டுக்காரர் வெள்ளை பேன்ட்டோட எந்திரிக்கவே மாட்டேன்னுட்டார்."

பிளாரன்ஸ் உறையைத் தொட்டாள். பிசுபிசுத்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு! கடல்காற்று வீசினால் அடுப்படியில் உப்புச்சாடி கசிவதை நாள்தோறும் பார்க்கிறவள் அவள். தோணிப்பாய் கசிந்தால் யாருக்கு என்ன? அதன்மேல் வெள்ளை பேன்ட் போட்டு யாரும் உட்காருவதில்லை.

"கடத்தண்ணியில நனைச்சிட்டேன் அம்மா. என் தப்புதான். அலசிக் கொண்டாரேன்."

"சரி. இன்னொரு தடவை ஈரமாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்."

மறுநாள் தெருக்குழாயில் பிடித்த நல்ல தண்ணீர் அவ்வளவையும் உறைகளுக்கு ஊற்றினாள். அல்போன்சா ஓடி வந்தாள்.

"குடிக்குத தண்ணியிலயா துணி அலசுத? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"கடல்ல நனைச்சப்ப நீங்களும்தான புழிஞ்சீங்க, அக்கா?"

பிளாரன்ஸ் அலசினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரிப்பு அடங்குமட்டும் மறுபடி அலசினாள்.

உறைகள் காய்ந்ததும் பங்களாவுக்குப் புறப்பட்டாள். அல்போன்சாவும் கூடவே கிளம்பினாள், கோயிலுக்குக் கட்டுகிற வெளிர்நீலப் பட்டில். "இனிகோ வந்து கேட்டா, கண்ணால பாத்தவ சொல்லணும்லா?"

மெத்தைகளை நாற்காலிகளில் போட்டதும், யாரும் சொல்வதற்கு முன்பே அல்போன்சா ஒன்றில் போய் உட்கார்ந்தாள். நல்ல கனத்த சரீரம். வெயில் இறங்கியது. கடல்காற்று ஏறியது. வேதமணி அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், அசையவில்லை. பக்கத்தில் நின்ற பிளாரன்ஸ் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்கு போட்ட பிறகுதான் அல்போன்சா எழுந்தாள். இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பட்டு கசங்கியிருந்தது. ஈரம் இல்லை. அவர்கள் கண்ணை நம்பாமல் தானும் பின்னால் தடவிப் பார்த்தாள், உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

திரும்புகிற வழியில் அல்போன்சா கேட்டாள்:

"மெசினை எங்கன வைக்கப்போற?"

"சன்னல் பக்கம், அக்கா. வெளிச்சம் வருமே."

"சன்னல்ல வைக்காதளா. உப்புக்காத்துல துரு ஏறிரும். உள்ளறையில வையி. பேபி கல்யாண ரவிக்கையில துருக்கறை பட்டுச்சுன்னா, நான் சும்மா விடமாட்டேன்."