ஒரு வருடம் மிச்சம்

பந்தல்குடியில் மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் எடை போடும் காசிராஜன், தம் ஒரே மகள் ராமலட்சுமியை டாக்டருக்குப் படிக்க வைப்பதென்று தீர்மானித்திருந்தார். அந்த நோக்கத்தோடுதான் ஆறாம் வகுப்பிலேயே அவளை அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். அதே நோக்கத்தோடுதான், எட்டாம் வகுப்பு முடிந்ததும் அங்கிருந்து விடுவித்து உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

இதற்குத் தக்க காரணம் இல்லாமல் இல்லை. டவுன் பள்ளியின் கெட்டிக்காரப் பிள்ளைகள் நடுவே ராமலட்சுமி கூட்டத்தில் ஒருத்தியாகவே இருந்தாள். பஸ்ஸில் போய்வந்த களைப்பில் புத்தகத்தின் மேலேயே சாய்ந்து தூங்கிவிடுவாள். அந்தச் சமயத்தில்தான், பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பாயிருந்த பதினோராம் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பேப்பரை வரி விடாமல் படிக்கும் கடைக் கணக்கர் சோலைச்சாமி அதற்கு விளக்கம் சொன்னார்.

"பள்ளிக்கூடம் இனிப் பத்தோட முடிஞ்சுச்சு, காசி. மிச்சப் படிப்பெல்லாம் காலேஜுலதான். உமக்கு ஒரு வருசம் மிச்சம். இந்த ரெண்டு வருசத்துக்குப் போயி பிள்ளையப் பஸ்ஸுல போட்டுக் குலுக்கணுமா? இங்கன படிச்சா அவதான் மொத மார்க்கு. காலேஜுக்காரன் மார்க்கப் பாப்பானா, பள்ளிக்கூடத்துக் கட்டடத்தப் பாப்பானா?"

மகள் ஒரு வருடம் முன்னதாகவே கல்லூரிப் படி ஏறிவிடுவாள் என்ற நினைப்பே காசிராஜனுக்கு இனித்தது. மனைவி வெள்ளைத்தாய்க்கோ, மகள் பொழுது சாயுமுன் வீடு திரும்புவாள் என்பதே போதுமானதாயிருந்தது.

சோலைச்சாமி சொன்னதில் பாதி பலித்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுத் தேர்வில் ராமலட்சுமி ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்தாள். டாக்டரம்மாவின் அப்பா இனித் தராசைத் தொடலாமா என்று சுமை தூக்குவோர் கேலி செய்தார்கள். அவர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டார்.

மறுவாரம் மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் கேட்டபோது, அலுவலர் மதிப்பெண் சான்றிதழைத் திருப்பித் தந்தார். பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு பதினொன்று முடித்தவர்களுக்குத்தான். அதுவும் இந்த ஆண்டு அவர்களோடு நின்றுவிடும். பத்து முடித்தவர்கள் இன்னும் இரண்டாண்டுகள் பள்ளியிலேயே படித்துவிட்டு வர வேண்டும் என்றார். அந்த இரண்டாண்டு வகுப்புகள் ஊர்ப் பள்ளிக்கு வரவில்லை. டவுனில் அந்தப் பழைய தனியார் பள்ளிக்கு வந்திருந்தன.

காசிராஜன் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனார். ராமலட்சுமியோடு முன்பு ஒரே பெஞ்சில் இருந்த ரோஸி வாசலில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு அறிவியல் பிரிவு கிடைத்துவிட்டதென்றாள். பிறகு ராமலட்சுமியின் மதிப்பெண்ணைக் கேட்டாள். அது தன்னுடையதைவிட அதிகம் என்று தெரிந்ததும், பிடித்த கையை விட்டுவிட்டுத் தன் தகப்பனாரிடம் போய்விட்டாள்.

தலைமையாசிரியை அம்மையார் இருவரையும் அன்போடு உட்கார வைத்தார். மதிப்பெண்களைப் பார்த்து மனமார மகிழ்ந்தார். அதன் பிறகே, அறிவியல் பிரிவில் இடம் இல்லை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். விருதுநகரிலும் இதே நிலைதானாம்.

"உங்க மக மார்க்குக்கு நாங்களே கூப்பிட்டுக் குடுக்கணும். ஆனா இங்க பத்து முடிச்ச பிள்ளைகள வெளிய அனுப்பிட்டு எப்படிங்க எடுக்க? அவுக அப்பாமாரும் இப்படித்தான வந்து நிக்காக?"

"இவளும் இங்கன படிச்ச பிள்ளைதானம்மா. நடுவுலதான் ரெண்டு வருசம்..."

யார்மீதாவது கோபப்பட முடிந்தால் நன்றாயிருக்கும் என்று காசிராஜனுக்குத் தோன்றியது. அப்படி ஒருவரும் அகப்படவில்லை.

வரலாறு, வணிகவியல் பிரிவில் மட்டும் இடம் இருப்பதாகவும், அதுவும் நாளை வரை நிற்குமா என்று தெரியாதென்றும் அம்மையார் சொன்னார். அதைப் படித்துவிட்டு டாக்டருக்குப் போகலாமா என்று காசிராஜன் கேட்டார்.

"அதுக்குப் போக முடியாதுங்க. வேற பட்டம் எதாச்சும் படிக்கலாம்."

காசிராஜன் மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

"எனக்கு என்னப்பா தெரியும்? நீங்க சேத்த எடத்துலதான படிச்சேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். காசிராஜன் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சேத்துக்கிடுங்கம்மா," என்றார்.

எந்தப் பிரிவில் என்று அவர் வாயால் சொல்ல இயலவில்லை. அம்மையாரே எழுதிக்கொண்டார்.