காகத்துக்கு முன்னம்

காகம் பல்கனிக் கம்பியில் வந்து குந்தியதுதான் தாமதம், நாய் பிலூ கல்லாய்ச் சமைந்துவிட்டது. முன்னங்கால் ஒன்று மடிந்து அந்தரத்தில் நின்றது. மூக்கு காகத்தை நோக்கி நீண்டிருந்தது, கட்டைவால்கூட அசையவில்லை. குரைக்கவில்லை, பாயவில்லை, சும்மா நின்றது. அது போதாதா? காகம் வாழையிலைத் துண்டில் இருந்த சோற்றைப் பார்த்தது, கண்ணாடிக் கதவுக்குள் நின்ற நாயைப் பார்த்தது, எனக்கென்ன விசரா என்பதுபோல ஒருதரம் கத்திவிட்டு லாசால் நகரத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலால் பறந்துபோய்விட்டது.

அன்றைக்குப் புரட்டாசிச் சனி. காகம் வாய் வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். டினோஜனுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். அவனுக்காக அவனுடைய அக்கா பாலாம்பிகையும் விரதம், மனைவி நிரோஜாவும் விரதம். சனி பிடித்தவனோ துறைமுகத்தில் லொறிக்குள் இருந்து சான்ட்விச் கடித்துக்கொண்டிருந்தான். பாலாம்பிகை சீனி வருத்தக்காரி. பகல் இரண்டரை மணி வரைக்கும் கை நடுங்க நடுங்கக் காகம் பார்த்தாள். கடைசியில் ஒரு கடற்பறவை வந்து சோற்றை இலையோடு இழுத்துக்கொண்டு போனது. அதைக் காகத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்று நிரோஜா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“இந்த வீட்டில நாயோ நானோ எண்டு முடிவெடும்,” என்றாள் மச்சாள் பாலாம்பிகை.

இரவு வந்த டினோஜன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அக்கா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்குத்தானே என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், சண்டை வந்தால் குளிப்பு.

பிலூ வந்த கதை பெரிய கதையில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரோஜாவுக்கு வேலை. இரண்டு வருசமாக அவள் குளிப்பாட்டித் துடைத்துவிட்ட லக்ருவா என்ற கிழவர் பழைய வேட்டைக்காரர். சவர்க்கார நுரைக்குள் இருந்துகொண்டு, என் நாய் வயலில் நிற்கிறதை நீ ஒருநாள் பார்க்கவேணும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். நிற்கிறதில் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்ளுவாள். கிழவர் சாகக் கிடந்தபோது நாயை எடுக்க ஒருவரும் வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தாள். இந்த நாட்டுக்கு வந்த பதினெட்டு வருசத்தில் ஒருத்தரிடமும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான். அதைத்தான் இப்போது கொடுத்துவிடச் சொல்லுகிறார்கள்.

கிழவரின் பழைய கூட்டாளி றெஜானுக்கு மேர்சியே பாலத்துக்கு அப்பால் பண்ணை இருந்தது. அவர் பிலூவை எடுக்கச் சம்மதித்தார். அடுத்த சனிக்கிழமை நிரோஜா கார் ஓட்ட, மச்சாள் முன்சீட்டில் மடியில் சோற்றுப் பெட்டியோடு ஏறிக்கொண்டாள். நாய் கைமாறுவதைத் தன் கண்ணால் பார்க்கவேணுமாம். அதுவும் விரதநாள். காகம் எங்கேயும் காகம்தானே.

றெஜான் நாயின் கைப்பட்டியை வாங்கமுதல், நாய் வேலை மறந்துவிட்டதோ பார்ப்போம் என்று தன் கிழட்டுப் பெட்டை நாயோடு சேர்த்து அவிழ்த்துவிடச் சொன்னார்.

அட, அந்த ஓட்டம்! வீட்டில் சோபாவுக்கும் குசினிக்கும் நடுவில் முட்டுப்பட்டுத் திரிந்த நாயா இது? இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று காற்றை அறுத்து அறுத்து ஓடியது. தலை நிமிர்ந்திருந்தது, காது பின்னால் பறந்தது. நடு ஓட்டத்தில், ஆணி அடித்ததுபோல, நின்றது. அதே மடிந்த கால், அதே நீண்ட மூக்கு. இருபது அடி தள்ளி வந்த பெட்டை நாய் பிலூவைக் கண்டதும் தானும் அப்படியே நின்றது. புல்லுக்குள் பறவை இருக்கிற இடத்தை இப்படி நின்று காட்டுவதுதான் இந்த நாய்களின் வேலை, பெட்டைக்கு மணம் எட்டியிருக்காது, பிலூவை நம்பித்தான் நிற்கிறது என்றார் றெஜான். அவர் நடந்துபோய்ப் புல்லைக் காலால் தட்டினார். கௌதாரி ஒன்று படபடவென்று எழும்பி மரங்களுக்குள் போய் மறைந்தது. பிலூ அசையவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, றெஜானையல்ல, நிரோஜாவைப் பார்த்தது.

நிரோஜாவுக்கு நெஞ்சு முட்டச் சந்தோசம். சந்தோசம்தான், வேறொன்றுமில்லை. கிழவர் பொய் சொல்லவில்லை. இதைப் பார்க்கத் தெரியாத வீட்டில் இதைக் குற்றவாளியாக்கினார்களே என்று ஆத்திரமும் சேர்ந்து வந்தது. றெஜான் கையை நீட்டினார். அவள் பிலூவைக் கூப்பிட்டு, கழுத்தில் பட்டியைக் கொழுவி, அதன் நுனியைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

“நோன், முசியே. மெர்சி,” என்று நன்றி சொல்லி மறுத்தாள்.

றெஜான் சிரித்துக்கொண்டு தன் நாயோடு போய்விட்டார். மச்சாள் வேலிக் கட்டையில் சோறு வைத்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்றாள். மணி ஒன்று தாண்டியிருந்தது. அடுத்த கட்டையில் ஒரு காகம் வந்து குந்தியது. பிலூ காலை மடித்தது.

“பாரும், திரும்பவும் மறிக்குது. குடுக்காமல் ஏன் கொண்டு வாறீர்?”

“இது மறிக்கேல்லை மச்சாள். இதின்ர வேலையே இதுதான். நான் குடுக்கமாட்டன்.”

“அப்ப தம்பியின்ர சனி?”

“அவரை வந்து விரதம் இருக்கச் சொல்லுங்கோ.”

நிரோஜா பெட்டியைத் திறந்து, சோற்றையும் பருப்பையும் குழைத்து ஒரு கவளம் உருட்டினாள். காகம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் காகத்தைப் பார்த்தபடியே கவளத்தை வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினாள். வானம் இடிந்து விழவில்லை. இரண்டாவது கவளத்தை உருட்டி மச்சாளிடம் நீட்டினாள். மச்சாளின் உதடு காய்ந்திருந்தது, விரல்கள் நடுங்கின.

பிலூ ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. காகம் கட்டையை விட்டு அசையவில்லை. மச்சாளின் கை கவளத்தை நோக்கி மெல்ல எழும்பி, பாதி வழியில் நின்றது.