மாப்பிள்ளையைத் திட்ட முடியாத அணியின் ஆட்ட முடிவுகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அரைப் பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. விளையாட்டு மாத இதழ் ஒன்றை நடத்திவரும் என் அக்கா ஒருநாள் கூப்பிட்டு, தேசியக் கால்பந்து அணி இப்போதைய பயிற்சியாளரிடம் வந்த பிறகு ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். அட்டவணை அவள் தருவாளாம், அதைச் சுற்றி நான் நாலு வரி போட வேண்டுமாம். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தத் தெரியாமல் எழுதுகிறார்கள் என்றாள். சொந்த அக்கா ஆசிரியராக இருக்கும் பத்திரிகைக்கு எழுதுவது எதிரிக்குக்கூட வரக்கூடாத சங்கடம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அட்டவணை வந்தது. இருபது ஆட்டங்கள். முதல் பதினொன்றில் ஏழு வெற்றி, மூன்று டிரா, ஒரே ஒரு தோல்வி. அடுத்த ஒன்பதில் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஏழு தோல்வி. (அந்த ஒரு வெற்றியும் எதிரணிக்காரர் தன் கோலுக்குள்ளேயே அடித்துக் கொடுத்தது.) அதே பயிற்சியாளர், அதே ஆட்டக்காரர்கள், அதே மைதானம். கால்பந்து தெரியாத எனக்கே உறுத்தியது. அக்காவிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்டா அது. பதினோராவது ஆட்டத்துக்கும் பன்னிரண்டாவது ஆட்டத்துக்கும் நடுவுல அவர் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. கோல்கீப்பர்தான் மாப்பிள்ளை."

கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

2

தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்தது. காலியான மைதானத்தின் ஓரத்தில் பயிற்சியாளர் தனியாக—"

விட்டுவிட்டேன். தோற்றவர் என்றால் மழையில்தான் நிற்க வேண்டுமா? வெயிலில் யாரும் தோற்பதில்லையா?

"கால்பந்து வெறும் விளையாட்டு அல்ல, அது ஒரு தேசத்தின்—"

இப்படி ஆரம்பிக்கிறவனை நானே படிக்க மாட்டேன்.

"பயிற்சியாளர் வாயைத் திறந்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனுக்கும் காது கூசும்."

இது தேறும். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சங்கு. ஆலையில் ஊதுகிற சங்கு. பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. கோல்கீப்பரிடமும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முன்னால் வரை. "டேய், அங்க நின்னு பூ பறிக்கிறியா? முன்னால வாடா!" என்று ஓரக்கோட்டிலிருந்து அவர் கத்தினால், கீப்பர் முன்னால் வந்துவிடுவார், பந்து அவர் கைக்கு வந்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு அதே ஓரக்கோட்டிலிருந்து வந்த குரல் இது: "மாப்பிள்ளை, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஒரு ரெண்டடி முன்னால வந்து நின்னா நல்லா இருக்கும்னு தோணுது."

அந்த வாக்கியம் முடிவதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். அதைவிடக் கொடுமை, கீப்பர் திரும்பிப் பார்த்து "சரிங்க மாமா" என்று பதில் வேறு சொல்வார். மாப்பிள்ளை முறுக்கு என்பது துளியும் இல்லாத மனிதர். கொஞ்சம் முறுக்காவது இருந்திருந்தால் நாடு பிழைத்திருக்கும்.

3

இந்த மாதிரி மூன்று பக்கம் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒரே வரி திரும்பி வந்தது: "பொண்ணு எங்கடா?"

எரிச்சலாக இருந்தது. கதை மாமனாரையும் மருமகனையும் பற்றியது என்றேன். அப்படியானால் அந்த வீட்டில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் யார் என்று கேட்டாள். அக்கா சொல்வது சரியாக இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

ஆகவே இங்கிருந்து மகள். இனி இவள் பக்கத்திலிருந்து நான் நகர்வதாக இல்லை.

மகள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது மாடியில் நீளமான அறை, சுவரோரம் கட்டில்கள், கூரையிலிருந்து தொங்கும் கயிறும் கப்பியும். ஒரு பக்கம் விழுந்துபோன கைகால்களை மறுபடி எழுப்புவது அவள் வேலை. நாள் முழுக்க "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு தோள் காத்திருக்கும். பதின்மூன்றாவது ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதி விழுந்ததில் அடிபட்ட இடது தோள். புருஷனைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்துக் கையைப் பிடித்து மெல்ல உயர்த்துவாள். காது வரைக்கும் வரும். அதற்கு மேல் அவர் பல்லைக் கடிப்பார். அதன் பிறகு வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் இடது மேல்மூலையில் போனவை. எதிரணிகள் முட்டாள்கள் இல்லை.*

(* அணிக்கு டாக்டர் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார். "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்பார். கீப்பர் "நல்லா இருக்கு டாக்டர்" என்பார். டாக்டர் குறித்துக்கொள்வார். மாமனாருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஒருவர் பொய் சொன்னால் அதற்கு மருந்து கிடையாது.)

மேல்மாடி அறையில் அப்பா. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர். கீழே புருஷன். இருவரும் ஒரே காரில் மைதானத்துக்குப் போவார்கள், ஒரே காரில் தோற்றுத் திரும்புவார்கள். வழியில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எதிரே வந்த லாரி, சாலையில் உள்ள பள்ளம், பெட்ரோல் விலை என்று பேசிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒருவர் பின் ஒருவராக அவளிடம் வருவார்கள்.

4

பதினாறாவது தோல்வி

(இல்லை. பதினாறாவது ஆட்டம், ஐந்தாவது தோல்வி. இப்படித்தான் எனக்குக் கணக்கு.)

பதினாறாவது ஆட்டத்துக்குப் பிறகு அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். சங்கு என்று பெயர் எடுத்தவர் கிசுகிசுத்தார். அடுத்த ஆட்டத்தில் மாற்றுக் கீப்பரை இறக்கலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். (மாற்றுக் கீப்பரின் பெயர் ஏணி. ஆறடி நாலங்குலம். கல்யாணத்திலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்.) ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"நீயே பக்குவமா சொல்லிடும்மா" என்றார்.

அவள் உள்ளே போனாள். அங்கே புருஷன் சட்டையைக் கழற்ற முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோள் தாங்கவில்லை, இரண்டு ஆட்டம் ஓய்வெடுத்தால் தேவலை, ஆனால் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது மாமாவைத் தனியாக விட்டுவிட்டு ஓடினான் என்று பெயர் வரும் என்றார். தன் வாயால் அதை எப்படிச் சொல்வது?

"நீயே மாமாகிட்ட மெதுவா சொல்லிடேன்" என்றார்.

கவனியுங்கள். இருவருக்கும் வேண்டியது ஒன்றேதான். இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு வேலையே இல்லை. அவள் இங்கே சொன்னதை அங்கே சொன்னால் கதை முடிந்தது. அக்காவும் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தாள்: "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இவளை ஏன் ஊமை ஆக்குற?"

ஊமை ஆக்கவில்லை. சொன்னாள். அன்றைக்கே சொன்னாள்.

அப்பாவிடம் போய், அவரே விலகிக்கொள்கிறேன் என்கிறார் என்றாள். அப்பா முகம் சுருங்கிப்போயிற்று. மாப்பிள்ளை வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதென்றால் அவர் மனதை எவ்வளவு நோகடித்திருக்கிறேன், பத்திரிகைக்காரன் எழுதியதையெல்லாம் நான் சொன்னதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டினார். அடுத்த ஆட்டத்தில் மாப்பிள்ளைதான் என்று சொல்லியனுப்பினார்.

புருஷனிடம் போய், அப்பாவே ஏணியை இறக்கலாம் என்கிறார் என்றாள். அவர் அவளையே முறைத்தார். நீ தோளைப் பற்றிச் சொல்லியிருப்பாய், எனக்காக மாமா தன் பேரைக் கெடுத்துக்கொள்ளப் பார்க்கிறார், அது நடக்காது என்றார். ஆடியே தீருவேன் என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று. ஒருவர் இறங்கி வந்தால் இன்னொருவர் இரண்டு படி கூட இறங்கினார். பதினேழாவது ஆட்டம், தோல்வி. மறுபடி இருவரும் தனித்தனியாக வந்தார்கள், மறுபடி சொன்னாள், மறுபடி இதே கூத்து. பதினெட்டு, தோல்வி. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர் இந்த அட்டவணையைப் பார்த்ததில்லை.

5

இவளை என்னால் நம்ப முடியவில்லை என்று ஒரு கட்டத்தில் அக்காவிடம் சொன்னேன். இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் போலிருந்தது. மத்தளமாவது சத்தம் போடும்.

அக்கா சிரிக்கவில்லை. "பொறுமைன்னு யாருடா சொன்னா? ரெண்டு பேரும் அவளைத் தவிர வேற யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசறதில்ல. அவ சொல்ல மாட்டேன்னுட்டா அந்த வீட்ல பேச்சே இருக்காது. அந்தப் பயம்."

அதன் பிறகு நான் அவளைச் சந்தேகப்படவில்லை. இருபதாவது ஆட்டம் முடிந்த மறுநாள் மருத்துவமனையில், மாடிப்படியில் விழுந்து எலும்பு முறிந்த ஒரு தையல்காரரின் கையை அவள் உயர்த்திக்கொண்டிருந்தாள். வலித்தால் சொல்லுங்கள் என்று வழக்கம்போலச் சொன்னாள். அவர் வலிக்கிறது என்றார். அவ்வளவுதான். வலிக்கிறது என்று அவர் அவளிடம் நேராகச் சொன்னார், அவள் நிறுத்தினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தையல்காரர் பயந்துபோய் இல்லை இல்லை வலிக்கவில்லை என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

6

இனி கடைசி ஆட்டம். தகுதிச் சுற்றின் முடிவு இதில் இருக்கிறது. தோற்றால் அப்பாவுக்கு வேலை போகும், கால்பந்துச் சங்கம் அறிக்கையே விட்டுவிட்டது. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தத் தோள் இன்னொரு முறை தரையில் மோதினால் கை காதுக்குக்கூட எழும்பாது. அது மாமனாருக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டார். அவளுக்குத் தெரியும். அது அவள் தொழில்.

முடிவுகள், நான் எழுதிப் பார்த்தவை:

அ) ஏணி இறங்குகிறார், எல்லாப் பந்தையும் பிடிக்கிறார், அணி ஜெயிக்கிறது. ஏணிக்கு நல்லது. அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை.

ஆ) மாப்பிள்ளையே ஆடுகிறார், கடைசி நிமிடப் பெனால்டியை அடிபட்ட கையாலேயே தட்டிவிடுகிறார், மக்கள் மைதானத்துக்குள்— இதை எழுதிவிட்டுக் கையைக் கழுவினேன். வலிக்கிற கையை வைத்து ஊரைக் கைதட்ட வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

இ) மகள் நேராகச் சங்கத்துக்குப் போய் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறாள். நியாயமானது. ஆனால் அதுவும் இன்னொரு தூதுதான்.

7

ஆட்டத்தன்று காலை. சாப்பாட்டு மேசை. அப்பா ஒரு பக்கம், புருஷன் எதிர்ப்பக்கம், நடுவில் ரொட்டியும் காப்பியும். அன்று காலையிலேயே இருவரும் தனித்தனியாக அவளிடம் வந்து போயிருந்தார்கள். சொன்னதும் பழைய பாட்டுதான். இப்போது ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி, மேகமாக இருக்கிறது மாமா, ஆமா மாப்பிள்ளை, காற்றும் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் உட்காரவில்லை. பையை மாட்டிக்கொண்டு மேசை ஓரத்தில் நின்றாள்.

"அப்பா, காலையில என்கிட்ட என்ன சொன்னீங்களோ அதை அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்கிட்ட சொன்னதை அப்பாகிட்ட சொல்லுங்க. இன்னொரு தடவை விழுந்தா உங்க கை எழும்பாது. இதை நான் சொல்றேன், யாரும் சொல்லச் சொல்லல. இனிமே இந்த வீட்ல யாரு பேச்சையும் யாருகிட்டயும் கொண்டுபோக மாட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார். "மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம்—" என்று அவளைப் பார்த்தே ஆரம்பித்தார்.

"அவர் அங்க இருக்காரு" என்றாள் அவள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அக்கா இங்கே என்ன எழுதினாள் என்று சொல்லிவிடுகிறேன். "உள்ளேருந்து சங்கு சத்தம் கேக்கட்டும். 'டேய்'னு ஒரே ஒரு தடவை. பழைய மாதிரி மாப்பிள்ளையைத் திட்டட்டும். முடிச்சிடலாம்." யோசித்தேன். கச்சிதமாகத்தான் இருக்கும். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் அவள் வாசலில் நின்று கேட்டாள் என்று ஆகிவிடும். அவள் நிற்கவில்லை.

மைதானத்துக்கு அழைத்துப்போகும் கார் தெருமுனையில் திரும்பியது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, ரெண்டு பேரும் ரெடியா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றாள். இப்படி ஒரு பதிலை அவள் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தத் தோளை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள், பேருந்து வந்தது, ஏறினாள். பத்து மணிக்குத் தையல்காரர் வருவார்.

இவள் பக்கத்திலிருந்து நகரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அதனால் நானும் ஏறிவிட்டேன். இருபத்தோராவது ஆட்டத்தின் முடிவு என்னிடம் இல்லை. அக்கா அட்டவணையின் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு அச்சிட மறுக்கிறாள், அது எங்கள் இருவருக்குமான சண்டை.

நீங்கள் வேண்டுமானால் திரும்பிப் போங்கள். வீடு தெரியும், கதவு தாழிடப்படவில்லை. ரொட்டி ஆறியிருக்கும், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். யார் முதலில் பேசுகிறார், என்ன பேசுகிறார், யார் கையுறை மாட்டுகிறார் என்று இருந்து பாருங்கள். உங்களிடம் அவர்கள் மெல்ல ஏதாவது சொல்ல வருவார்கள், காதைக் கொடுக்காதீர்கள். அங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு அவளிடம் ஓடிவந்து சொல்லாதீர்கள். எதுவானாலும் அவர்களே வந்து சொல்லட்டும்.