கூடையை விட்டுப் போனவர்கள்

கூடையை நிரப்பிவிட்டு வாங்காமல் போவது குற்றமாம். என் முதலாளி உஸ்தாத் ஷெரீஃப் சொல்கிறார். உஸ்தாத் என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி. கெய்ரோவிலேயே பிறந்து, அத்தபா சந்தைக்கு நடுவில் மூன்றாம் மாடியில் அலுவலகம் போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா?

நாங்கள் இணையத்தில் பாத்திரம் விற்கிறோம். கல்யாணப் பெண்ணுக்குச் சீர் சேர்க்கிற அம்மாக்கள்தான் எங்கள் வாடிக்கை. அவர்கள் கைபேசிக்கு எந்தச் செய்தி எப்போது போக வேண்டும் என்று குறிப்பது என் வேலை. அனுப்புவது இயந்திரம்தான். ஆனால் யார் என்ன செய்தால், எவ்வளவு பொறுத்து, என்ன சொல்லி அனுப்புவது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருத்தி கூடையில் பொருளைப் போட்டுவிட்டுக் காசு கட்டாமல் போனால், அன்று இயந்திரம் வாயே திறக்காது. மறுநாள் சாயங்காலம், சமையல் முடிந்து அவள் அக்கடா என்று உட்காருகிற நேரத்தில், ‘உங்கள் பாத்திரம் பத்திரமாக இருக்கிறது’ என்று ஒரு வரி போகும். அதற்கும் வரவில்லையென்றால் சில நாள் விட்டு, விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து இன்னொரு வரி. வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடையாது. அதே ஆளுக்கு அந்த வாரம் மூன்றாவது செய்தி போகவே போகாது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரியில் படிக்கும்போது மூஸ்கித் தெருவில் முக்காட்டுத் துணி விற்றேன். விலையைக் கேட்டவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பி நடப்பாள். உடனே கூப்பிட்டால், இவளுக்கு விற்றே ஆக வேண்டும் போலிருக்கிறது என்று இன்னும் அடித்துக் கேட்பாள். விட்டுவிட்டால் அடுத்த கடையில் போய் உட்கார்ந்துவிடுவாள். தெருமுனை திரும்ப ஓரிரண்டு எட்டு இருக்கும்போது கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டவர் தோற்றார். எங்கள் ஊரில் நடந்து போவதும் வாங்குவதில் சேர்த்திதான்.

அம்மாக்களுக்கு என் கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கூடையை நிரப்பி வைத்துவிட்டு, குறைத்த விலை வரும்வரை அசையாமல் இருந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் கடைசியில் எங்களிடம்தான் வாங்கினார்கள். உஸ்தாத் ஷெரீஃப் துபாயில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

“இந்தப் பொம்பளைங்க என்னை வெச்சு விளையாடுறாங்க, நெர்மீன்” என்றார். இனி கூடையை விட்டுப் போன நிமிஷமே செய்தி போக வேண்டும், விலையைக் குறைக்கக் கூடாது, ஏற்ற வேண்டும் என்றார். விட்டுப் போகிற ஒவ்வொரு தடவையும் செய்தி போகட்டும், அப்போதுதான் உறைக்கும் என்றார்.

“போறவள கூப்பிட்டு நிறுத்தி விலைய ஏத்திச் சொன்னா, மூஸ்கில செருப்படி விழும், உஸ்தாத்.”

“இது மூஸ்கி இல்ல. கம்பெனி.”

“வாங்குறது அதே பொம்பளைங்கதானே?”

நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, என்னைப் புகார் கேட்கிற தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார். இயந்திரத்தின் முன் தானே உட்கார்ந்தார். நான் போட்டு வைத்திருந்த காத்திருப்பு, வெள்ளிக்கிழமை ஓய்வு, வாரக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும்போது விசில் வேறு அடித்தார்.

அந்தச் செய்தி முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டியது என்று எனக்குத் தெரியும். இம்பாபாவில் எங்கள் வீட்டுக்குக் கீழ் வீடு உம்மு சமாஹ்வுடையது. பெருநாள் முடிந்ததும் மகள் சமாஹ்வுக்குக் கல்யாணம். நீலப் பூப்போட்ட பாத்திர செட்டில் பாதியைப் போன வருஷமே எங்களிடம் வாங்கி அலமாரி மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். மீதிப் பாதி கூடையில் இருந்தது. விலை குறையட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். சீர் மாப்பிள்ளை வீட்டுக்குத் திறந்த வண்டியில் போகும். தெருவே பால்கனியில் நின்று பார்க்கும். ஒரு மூடி குறைந்தால்கூடப் பேரப்பிள்ளை பிறக்கும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் கையில் கரண்டியோடு மாடியேறி வந்து, கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘நீங்கள் தாமதித்ததால் விலை ஏறிவிட்டது. இன்னும் ஏறும். இப்போதே வாங்குங்கள்’ என்று அதில் இருந்தது.

“ஏண்டி, உன் கம்பெனி என்னை மிரட்டுதே. நான் என்ன திருடிட்டா ஓடினேன்?”

இது நான் செய்ததல்ல என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த விலைக்குத் தன்னால் முடியவே முடியாது என்றார். மீதியை வேறு பூவில் வாங்கினால் மாப்பிள்ளையின் அம்மா வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள் என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

போகிற ஒவ்வொரு செய்திக்கும் உஸ்தாத் ஷெரீஃப் காசு கட்டுகிறார் என்று சொன்னேன். முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்தது, இப்போது அதை அவரே எடுத்துவிட்டார் என்றும் சொன்னேன்.

உம்மு சமாஹ் கரண்டியை இறக்கினார். “அப்ப நான் கூடைய ரொப்பி ரொப்பி விட்டுட்டுப் போனா?”

“அத்தனை தடவையும் போகும்.”

“எங்க கைபேசிக் குழுவுல கல்யாணம் வெச்சிருக்கிற அம்மாமாரு எத்தனை பேர் இருக்கோம்னு உனக்குத் தெரியுமாடி?” என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் சொல்லிக்கொடுப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு வேலை நாள். காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். முலூகியாக் கீரை கிண்டிக்கொண்டே ஒருத்தி கூடையை நிரப்பி விட்டாள். மைக்ரோபஸ்ஸில் நின்றுகொண்டே இன்னொருத்தி விட்டாள். ஷுப்ராவில் இருக்கிற தங்கை, தாந்தாவில் இருக்கிற சம்பந்தி என்று எங்கெங்கோ இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேண்டியது, வேண்டாதது, எதையும் விட்டுவைக்கவில்லை. இயந்திரம் பாவம், ஒவ்வொருத்திக்கும் விலை ஏறிவிட்டது, விலை ஏறிவிட்டது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மதியத் தொழுகைக்கு முன்பே செய்திக்காகக் கட்டி வைத்திருந்த காசு தீர்ந்துபோனது. உஸ்தாத் ஷெரீஃப் தான் போட்ட விதியை நிறுத்திவிட்டு மறுபடி காசு கட்டினார். அதையும் ஏற்கெனவே வரிசையில் நின்ற செய்திகள் விழுங்கின. அவற்றுக்குப் பின்னால் உண்மையாக வாங்கியவர்களின் செய்திகள் மாட்டிக்கொண்டிருந்தன. பொருளை இறக்கும்போது வாடிக்கையாளர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அந்த எண் யாருக்கும் போகவில்லை. வண்டிகள் பொருளோடு கிடங்குக்குத் திரும்பின. இயந்திரத்தை விற்ற ஹாலந்துக் கம்பெனியைக் கூப்பிட்டார். அங்கே ஞாயிறு விடுமுறை. வரிசையைக் கலைக்கிற இடம் இந்த அலுவலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நீதான் சொல்லிக்கொடுத்தியா?”

“ஆமா, எங்க கீழ்வீட்டம்மாவுக்கு.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பேன், அழுவேன் என்று நினைத்திருப்பார் போல. நானே பேசினேன். மிரட்டல் செய்தி போன எல்லோருக்கும் பழைய விலை வேண்டும், நேரம் குறிக்கிற வேலை மறுபடி என் கைக்கு வர வேண்டும், இரண்டுக்கும் சரி என்றால் வரிசையை இப்போதே கலைக்கிறேன் என்றேன்.

“உன் கீழ்வீட்டம்மாவுக்கு மட்டும் பழைய விலை தர்றேன். மத்தவங்களப் பத்தி உனக்கென்ன? மொதல்ல இதை நிறுத்து.”

“அவங்க மட்டுமா கூடைய விட்டுட்டுப் போனாங்க?”

“இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. இஷ்டம்னா இரு, இல்லன்னா போ.”

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பயமில்லாமல் இல்லை. வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உம்மு சமாஹ்வின் பாத்திரமும் என்னோடு சேர்ந்து போய்விடும். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் தெருவுக்கு வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மேலேயிருந்து தெரிவது முதுகு மட்டும்தான். ஆளை விடு என்று சொல்கிற முதுகாக அது இருக்க வேண்டும். அவசரப்படாமல், தயங்காமல், காலுறை விற்கிறவனைத் தாண்டிக் கரும்புச்சாறு கடைப்பக்கம் போனேன். தெருமுனை இன்னும் தூரத்தில் இருந்தது.

“நெர்மீன்!”

மூன்றாம் மாடி பால்கனியில் பாதி உடம்பு வெளியே தொங்க நின்றார். சாறு கடைக்காரர் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். சுமை தூக்குகிறவர்களும் பார்த்தார்கள். பாதித் தெருகூடத் தாண்டாத ஒருத்தியை ஒரு வியாபாரி இப்படிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அத்தபாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் நின்றேன். மெதுவாகத் திரும்பினேன்.

“சரி, எல்லாருக்கும் பழைய விலை. நேரமும் உன் கையில. மேல வா” என்றார்.

“அது மாடியில சொன்ன விலை, உஸ்தாத். அப்பவே முடிச்சிருக்கணும். நீங்க தாமதிச்சிட்டீங்க, விலை ஏறிடுச்சு.”

சாறு கடைக்காரர் சிரித்துவிட்டார். உஸ்தாத் ஷெரீஃப் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் மேலே வந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

“வேணாம். இங்கிருந்தே சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். பழைய விலையில பத்துல ஒரு பங்கு குறைச்சு, அத்தனை பேருக்கும். அதோட இன்னிக்குச் சாயங்காலம், அவங்க சமையல் முடிஞ்சு உக்காருற நேரத்துல, உங்க பேரப் போட்டு ஒரு மன்னிப்பு.”