உலர்த்தும் எந்திரமும் ஒரு ஃபாத்திஹாவும்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த ஏற்பாடு ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்குள் பதில் வரும் என்று அல் ஜதீதா வரி அலுவலகத்தில் சொன்னார்கள். ஜூலை பிறந்தால் கடற்பாசிப் பருவம். இன்னும் இருபது நாள்கூட இல்லை. சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்ட ஹனியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரம் தவறாமல் பேருந்து ஏறிப் போய் அந்த அலுவலகத்தின் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்றாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

பாசி அள்ளும் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் அது. நாற்பத்திரண்டு பேர். தாங்கள் அள்ளிய பாசியைத் தாங்களே காயவைத்து விற்கிற வரைக்கும் வரி கிடையாது. இப்போது காஸாபிளாங்காவிலிருந்து ஹாஜ் துஹாமி என்ற வியாபாரி வந்திருக்கிறார். சங்கக் கொட்டகையில் உலர்த்தும் எந்திரம் போடுவாராம். ஊரான் பாசியும் அதில் காயுமாம். லாபத்தில் ஆளுக்குப் பாதியாம். அப்படிச் செய்தால் வரிச் சலுகை நிலைக்குமா, போகுமா? 'நிலைக்கும்' என்றார் துஹாமி. 'போனாலும் போகும்' என்றார் சங்கத்தின் கணக்கர். முன்கூட்டியே எழுத்தில் கேட்போம், எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அவர்களே மாற்றிப் பேச முடியாது என்று சொன்னவள் ஹனியா ஒருத்திதான். ஆனால் தொடங்குவதற்கு முன்னால் கேட்டால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

அந்த வெள்ளிக்கிழமையும் பதில் வரவில்லை. பேருந்தைவிட்டு இறங்கும்போதே கொட்டகையிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. ஓடினாள். உள்ளே பெரிய கூஸ்கூஸ் தட்டு பாதி காலியாகியிருந்தது. ஹாஜ் துஹாமி சுவரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன விசேஷம்?"

"வாடி, நீயும் ஒரு வாய் சாப்பிடு," என்றாள் சங்கத் தலைவி லல்லா முபாரக்கா. உப்புநீரில் வெடித்த கைகள் அவளுக்கு. "ஹாஜோட பேசி முடிச்சு ஃபாத்திஹா ஓதிட்டோம். வியாழக்கிழமை எந்திரம் வருது."

"லல்லா! இன்னும் தொடங்கலன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்!"

"காகிதத்துல ஒண்ணும் தொடங்கலையே."

"அப்ப எந்திரத்த நிறுத்துங்க."

"அதெப்படி? அல்லா பேரச் சொல்லி வாக்குக் குடுத்தாச்சு."

"அப்ப தொடங்கியாச்சுன்னுதானே அர்த்தம்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

துஹாமி சிரித்தார். "ஏம்மா, வரி ஆபீஸ்காரன் வந்து நம்ம கூஸ்கூஸ் தட்ட எட்டிப் பாக்கப் போறானா? முத்திரை குத்தின காகிதம்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். பேசாம உக்காரு."

"உங்களுக்கென்ன ஹாஜ்? சலுகை போனா வரி எங்க தலையில விழும். நீங்க எந்திரத்தக் கழட்டிட்டு ஊர் போய்ச் சேருவீங்க."

"வாயப் பாரு வாய," என்றாள் மூலையிலிருந்த கன்னூ. "யூனிவர்சிட்டில இதுக்குத்தான் பட்டம் குடுத்தாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். முபாரக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஓதினத ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்றியா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் தொழப் போவேன்?"

ஹனியாவுக்கு யோசிக்கும் முன்னே வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சஃபியாவுக்குக் கல்யாணம் பேசி ஃபாத்திஹா ஓதினீங்க. சீர்ச் சர்க்கரைக் கூம்பெல்லாம் வந்து எறங்குச்சு. மாப்பிள்ளை இத்தாலிக்குப் போனவன் போனவன்தான். அன்னிக்குத் தெருவுல நின்னு என்ன கத்தினீங்க? எழுதாத கல்யாணம் கல்யாணமில்ல, எம் பொண்ணுக்கு ஒண்ணுமே ஆகலன்னு கத்தல? அன்னிக்கு மட்டும் ஃபாத்திஹா ஒண்ணுமில்லையா?"

சஃபியா அங்கேதான் இருந்தாள், தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு. கழுவுகிற சத்தம் நின்றது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

முபாரக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு துஹாமியிடம் சொன்னாள்: "அவ சொல்றது சரிதான் ஹாஜ். ஓதினது பொண்ணு கேட்ட மாதிரிதான். நிக்காஹ் எழுதுறது வரி ஆபீஸ் பதில் வந்தப்புறம். அதுக்குள்ள எந்திரம் வாசலுக்கு வந்தா லாரிக்குக் குறுக்கே படுப்பேன்."

"ஜூன் கடைசி வரைக்கும் பாப்பேன்," என்று செருப்பை மாட்டினார் துஹாமி. "அப்புறம் எனக்கு வேற ஊர் இல்லாமலா போச்சு?"

நடந்ததை நடந்தபடியே ஒரு பக்கத்தில் எழுதினாள் ஹனியா. ஃபாத்திஹா ஓதியது, எதிலும் கையெழுத்து இடாதது, எந்திரம் வராதது. முபாரக்கா அவள் முகத்தைப் பார்க்காமலே கைநாட்டு வைத்தாள். வரி அலுவலகக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஃபாத்திஹாவ ஃபைல்ல வைக்கச் சொல்றீங்களா?"

"நடந்தத வைக்கச் சொல்றேன். நாளைக்கு நாங்க மறைச்சோம்னு நீங்க சொல்லக் கூடாது."

அவர் முத்திரை குத்தினார்.

அடுத்த இரண்டு வாரமும் ஹனியா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தபால்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் எழுந்து வாசலுக்கு ஓடினாள். சும்மா இருக்கும்போது விண்ணப்பத்தின் நகலை எடுத்து, ஏதாவது சொல்லை மாற்றிப் போட்டோமா என்று தேடினாள். கொட்டகையில் அவள் நுழைந்தால் பேச்சு தணிந்தது.

இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது. எல்லோரையும் கூட்டி உரக்கப் படித்தாள். சங்கம் தன் பாசியைக் காயவைத்து விற்கும்வரை சலுகை உண்டு. வியாபாரியோடு லாபம் பகிர்ந்து வெளியார் பாசியையும் உலர்த்தினால் முழுச் சலுகையும் போய்விடும்.

"அப்ப இந்த வருஷமும் வெயில்லதான் வேகணும்," என்றாள் கன்னூ.

"எந்திரத்த வச்சிருந்தா வரியிலல்ல வெந்திருப்போம்," என்றாள் இன்னொருத்தி.

மறுநாளே எந்திரத்தை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார் துஹாமி.

கடிதம் படித்த அன்று எல்லோரும் கலைந்த பிறகு முபாரக்கா, கடிதத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்து முடித்ததும் எழுந்தாள்.

"நல்லது பண்ணினே. இல்லன்னு சொல்லல. ஆனா எம் பொண்ண எதுக்கு நடுச்சபையில இழுத்த? இவ்வளவு படிச்சிருக்கியே, உனக்கு வேற வார்த்தை கிடைக்கலையா?"

ஹனியா வாசல் பக்கம் திரும்பினாள். கொட்டகைக்கு வெளியே சஃபியா வலைப்பைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தை மடித்தபடியே, எழுந்து அவளிடம் போகலாமா என்று நினைத்தாள். மடித்த கடிதத்தை மறுபடி பிரித்தாள்.