ஒரு மணி நேரத் திருத்தம்

நவம்பர் 18, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை செய்தேன். பயணத் திட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டேன்.

எங்கள் ஜப்பானிய வகுப்பில் முதல் அரை மணி நேரம் செய்தி, மீதி நேரம் பயணம். செய்தி என்றால் அந்த வாரத்துச் செய்தி ஒன்றை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எப்போது, எங்கே, என்ன நடந்தது. வருத்தம், ஆச்சரியம் எதுவும் சேர்க்கக் கூடாது. பயணம் என்றால் காகிதப் பயணம். வசந்தத்தில் செர்ரிப் பூக்களுக்குப் பின்னால் தெற்கிலிருந்து வடக்கே போனோம். இலையுதிர் காலத்தில் சிவந்த மரங்களைப் பார்க்க மலை ஏறினோம். இப்போது பனிநாடு, ஜப்பானில் ஆளுயரம் பனி கொட்டும் பகுதி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூட இதுவரை நிஜ விமானத்தில் கால் வைத்ததில்லை.

இன்று என் முறை. கரும்பலகையில் நேரங்களை எழுதி முடித்ததும் டைம்டேபிள் கை தூக்கினார். ரயில், பஸ் அட்டவணைகளை மனப்பாடமாக வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பகலில் பூட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"ஏம்மா, உன் விமானம் பத்து மணிக்கு இறங்குது. பத்து இருபது பஸ்ஸைப் பிடிக்கிறே. அது எந்த ஊர்ப் பத்து?"

"நம்ம ஊர்ப் பத்து."

"அப்போ அங்க பதினொண்ணு. பஸ் போய் நாப்பது நிமிஷம் ஆச்சு. நீ பனியில நின்னு டாட்டா காட்டிட்டு இரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சென்சே, எங்கள் ஆசிரியர், மட்டும் சிரிக்காமல் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். வியாழன் வகுப்பை நான்தான் தொடங்க வேண்டும். இங்கே அது வழக்கம். தப்பாகச் சொன்னவர் அடுத்த வகுப்பில் முதல் ஆளாக எழுந்து, "போன முறை இப்படிச் சொன்னேன், சரியானது இது" என்று சொல்ல வேண்டும். சாக்குச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் நன்றி சொல்வார்கள். செய்தித்தாளில் திருத்தம் போடுவது போல. அடுத்த வகுப்பைத் தாண்டி எந்தத் திருத்தமும் தள்ளிப்போகக் கூடாது என்பதில் சென்சே கறார்.

எனக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. அது மருந்துக் கிடங்கில் வந்தது. அங்கே காலாவதித் தேதி சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு பெட்டியில் தேதி தப்பாக இருந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தப்பு தனியாக வந்திருக்காது என்பது மேற்பார்வையாளரின் கணக்கு. அதனால் வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டி, நான் நேரம் எழுதிய பக்கங்களை எல்லாம் பார்த்தேன். ஐந்து பக்கங்கள். நான்கில் சரி.

ஐந்தாவது, நவம்பர் 2ஆம் தேதிப் பக்கம். அண்ணனைப் பற்றிய செய்தி.

அதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அண்ணன் ஆறு வருஷமாக ஜப்பானில், அதே பனிநாட்டில், ஒரு இயந்திரப் பாகத் தொழிற்சாலையில் இருந்தான். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். போன ஜனவரியில் பக்கத்து வீட்டுக் கூரையில் பனி தள்ள ஏறி, விழுந்து இறந்துபோனான். கம்பெனி ஆள் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். பிப்ரவரியில் அண்ணி அவனுடைய சாமான்களை ஒரு பெட்டியில் அனுப்பினாள். அவன் ஜாக்கெட்டின் உள்பையில், அவன் இறந்ததைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாள். தீப்பெட்டி அளவு, பதினொரு வரி.

போனைக் காட்டினால் மொழிபெயர்க்கும் என்றார்கள். காட்டினேன். "ஆண் பனியுடன் இறக்குமதி செய்யப்பட்டார்" என்று வந்தது. அம்மா போனைத் தள்ளிவிட்டாள்.

"இந்த மெஷின் சொல்றதை நான் நம்ப மாட்டேன். நீ படிச்சுச் சொல்லு, பாப்பா. ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல."

அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நாளில் காலை எட்டு நாற்பதுக்கு அண்ணன் அவளைக் கூப்பிட்டிருந்தான். அந்த வருஷமும் ஊருக்கு வர முடியாது என்று அவன் சொன்னதில் அம்மாவுக்குக் கோபம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. "கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவன் கூப்பிட்டது ஏறுவதற்கு முன்னாலா, விழுந்த பிறகா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மார்ச்சில் நான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது. பனிநாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நவம்பர் 2ஆம் தேதி பதினொரு வரியும் முடிந்தது. காலை ஒன்பது மணி அளவில் கூரைப்பனி சரியும் சத்தத்தைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பத்தரை மணிக்குப் பனிக்கு அடியில் அவனைக் கண்டெடுத்தார்கள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "ஒன்பதுக்குத்தாம்மா விழுந்திருக்கான். உன்னைக் கூப்பிட்டது எட்டு நாப்பது. ஏறுறதுக்கு முன்னாடி சும்மா கூப்பிட்டிருக்கான்."

எட்டு நாற்பது எங்கள் கடிகாரம். ஒன்பது அவர்கள் கடிகாரம். அங்கே எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

அவன் கூப்பிட்டபோது அங்கே ஒன்பது நாற்பது.

நவம்பர் 19, புதன்

காலையில் மறுபடி கணக்குப் போட்டேன். மாறவில்லை. செய்தியில் "ஒன்பது மணி அளவில்" என்றுதான் இருக்கிறது, சரியாக ஒன்பது என்று இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினேன். நாற்பது நிமிஷத்தை யாரும் "அளவில்" என்று எழுத மாட்டார்கள். போன் ஜாக்கெட்டுக்குள் தானாக அழுந்தியிருக்கலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். அது உண்மையா, என் வசதியா என்று தெரியவில்லை. என் மூளையை நான் எப்போதுமே முழுதாக நம்புவதில்லை. இந்த விஷயத்தில் கொஞ்சமும் நம்பவில்லை.

கிடங்கில் இன்று இருமல் மருந்துப் பெட்டி நாற்பத்திரண்டு பார்த்தேன். இரண்டு பெட்டிகளைத் தவறவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இரண்டரை வாரத்தில் அம்மா எப்படி மாறிவிட்டாள் என்பதையும் எழுத வேண்டும். முதல் இரவே குறட்டை விட்டுத் தூங்கினாள். ஜனவரிக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை. மறுநாள் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "என்னைப் பார்த்தா தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டுச் சிரித்தாள். வரும் வசந்தத்தில், பனி உருகியதும், நாங்கள் இரண்டு பேரும் அங்கே போகிறோம். அண்ணிக்காக ஒரு தடிப்பான கோட்டு தைக்கிறாள். அளவு தெரியாது. வீடியோவில் பார்த்து, "என் கல்யாணத்தப்போ நான் இருந்த உடம்புதான்" என்று முடிவுசெய்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டாள்.

"வா, வா. உட்காரு. தப்பு இருந்தா சொல்லு." தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "நொபொரு மாயே நி, தென்வா... தென்வா ஓ..."

"குரேமாஷ்தா."

"அதான். குரே மாஸ்டர். யாரோ வாத்தியார் பேர் மாதிரி இருக்கு."

அவள் கேட்டதால் போன வாரம் நான் எழுதிக்கொடுத்த வாக்கியம். "ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டான்." சனிக்கிழமைதோறும் அண்ணி வீடியோவில் வருவாள். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சனிக்கிழமை அம்மா முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசப்போகிறாள்.

"அவளுக்கும் மனசு ஆறணும்ல. 'கடைசியா அவன் நிம்மதியா இருந்தான், அம்மாகிட்ட பேசலாம்னு நினைச்சான், அப்புறம்தான் ஏறினான்'னு அவளுக்குத் தெரியட்டும். பாவம், சின்னப் பொண்ணு."

"அம்மா..."

"என்ன?"

"மாயே-வை இவ்வளவு இழுக்காதே."

"சரிங்க டீச்சர்."

சொல்ல வந்தது அது இல்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் போன் அவளிடம்தான் இருக்கிறது. பெட்டியில் எல்லாம் வந்தன, போன் மட்டும் வரவில்லை. இது எனக்கு இன்றுதான் உறைத்தது. அம்மா சனிக்கிழமை அந்த வாக்கியத்தைச் சொன்னால் உண்மை தெரிந்த ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்ட வேண்டியிருக்கும்.

ஏழரைக்கு அண்ணிக்குச் செய்தி எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு, மூன்று வாக்கியம். ஜனவரியில் அந்த நாள் உங்கள் நேரம் ஒன்பது நாற்பதுக்கு அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா எடுக்கவில்லை. உங்களுக்கு இது தெரியுமா?

படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மதிய இடைவேளையில் பதில் வந்தது. கிடங்கின் பின்வாசலில், காலி அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரியட்டும் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக, குழந்தைக்கு எழுதுவது போல எழுதியிருந்தாள்.

"தெரியும். ஒன்பது முப்பத்தாறுக்கு என்னைக் கூப்பிட்டார். நான் வேலையில் இருந்தேன். போன் பூட்டிய அலமாரியில் இருந்தது. நான்கு நிமிடம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டார். அவசர எண்ணை ஏன் கூப்பிடவில்லை என்று தெரியவில்லை. தினமும் யோசிக்கிறேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு மொழி இல்லை. மொழி இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும், நான் ஏதாவது தப்பாகப் படித்திருக்க மாட்டேனா என்று ஏங்கினேன். இல்லை. ஒன்பது மாதத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் படித்த முதல் கடிதம் இதுதான்.

பத்து மாதமாக இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒரே காலையின் எடுக்காத போனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு மற்றவளைப் பற்றித் தெரியும். மற்றவளுக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் தலையாட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்தால் அம்மா காரணம் கேட்பாள். ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சென்சே என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"போன வகுப்பில் விமானம் பத்து மணிக்கு இறங்கும் என்று சொன்னேன். அந்த ஊர் நேரப்படி அது பதினொன்று. ஒரு மணி நேரத்தைக் கூட்டாதது என் தவறு."

எல்லோரும் நன்றி சொன்னார்கள். டைம்டேபிள் திரும்பிப் பார்த்து, "அடுத்த பஸ் பன்னண்டு அஞ்சுக்கு. உனக்காக ஜன்னல் சீட் போட்டு வெச்சிருக்கேன்" என்றார். நல்ல மனிதர். அவர் மட்டும் செவ்வாய்க்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் அவரை வெறுத்தேன்.

"வேறு திருத்தம் உண்டா?" என்று சென்சே வழக்கம்போல எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு வந்த பனிப்புயல் செய்தி எதுவும் என் காதில் ஏறவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் விடுவதற்கான வழிகளை நோட்டின் ஓரத்தில் எண் போட்டு எழுதினேன். வாக்கியத்தை மறக்கச் செய்யலாம். சனிக்கிழமை இணைப்பு சரியில்லை என்று சொல்லலாம். அண்ணியிடம், அம்மா எதைச் சொன்னாலும் தலையாட்டுங்கள் என்று எழுதலாம். அவள் செய்வாள். இதுவரை செய்துகொண்டுதானே இருந்தாள். மூன்றாவதை எழுதி முடித்ததும் என் மேலேயே அருவருப்பு வந்தது.

வசந்தத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்காரப்போகிறார்கள். நடுவில் மொழி தெரிந்தவளாக நான் இருப்பேன். இரண்டு பக்கமும் நான்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து பொத்தான், அடர்நீலம்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"கை கழுவிட்டு வா. இன்னிக்கு மூச்சு விடாம சொல்லிட்டேன், தெரியுமா? இழுக்கவே இல்ல. கேளு." ஊசியைக் கோட்டில் குத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நொபொரு மாயே நி தென்வா ஓ குரேமாஷ்தா."

ஒரு பிழையும் இல்லை.

"சரியா?" என்றாள்.

"நல்லா சொன்னேம்மா" என்றேன். சரி என்று சொல்லவில்லை. அவள் கவனிக்கவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்து, அடுத்த பொத்தானை எடுத்தாள்.

இன்றே சொல்லியிருக்கலாம். சோறு முன்னால் இருந்தது. அவள் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு இரவு அவள் தூங்கட்டும் என்று நினைத்தேன். இது அவளுக்காகவா, எனக்காகவா என்பதையும் நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாப்பிட்ட பிறகு அண்ணிக்கு எழுதினேன். நாளை அம்மாவிடம் சொல்லப்போகிறேன், சனிக்கிழமை வழக்கம்போல வாருங்கள் என்று. உடனே பதில் வந்தது: "வருகிறேன்."

நாளை, வெள்ளி:

கிடங்கில் அரை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும். காலைத் தேநீருக்குப் பிறகு, அம்மா மெஷினில் உட்காருவதற்கு முன்னால், திருத்தம் சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம், சாக்கு இல்லாமல். நவம்பர் 2ஆம் தேதி நான் தப்பாகச் சொன்னேன், ஒரு மணி நேரத்தைக் கூட்டவில்லை. அண்ணன் விழுந்த பிறகுதான் உன்னைக் கூப்பிட்டான். அதற்கு நான்கு நிமிஷம் முன்னால் அண்ணியைக் கூப்பிட்டான், அவளும் எடுக்கவில்லை.

பிறகு அவள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சனிக்கிழமைக்கு வேறு வாக்கியம் வேண்டுமென்று கேட்டால் எழுதிக்கொடுக்க, பென்சில் சீவி வைக்க வேண்டும்.